மூலைக்கடை ஃப்ரிட்ஜும் ஸ்கூல் தட்டும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்காவுல இருக்கற லத்தீனோ பிள்ளைங்க பத்தி ஒரு துணுக்கு எழுதியிருந்தேன். 2 வயசுலருந்து 19 வயசு வரைக்கும் உள்ள லத்தீனோ பிள்ளைங்கள்ல நூத்துக்கு 26 பேருக்கு உடல் பருமன் இருக்குன்னு அந்த நாட்டு அரசாங்கத்தோட நோய்த் தடுப்பு மையமான சிடிசி கணக்கு சொல்லுது, இதுக்கு பிள்ளைங்கள திட்டி பிரயோஜனம் இல்ல, அவங்கள சுத்தி என்ன சாப்பாடு கிடைக்குதுன்னு பாக்கணும்னு ஆறேழு வரிதான். அதுக்கு வந்த கேள்விகள பாத்துட்டு இந்த தடவை மத்த கேள்வியெல்லாம் ஓரமா வெச்சுட்டு இதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: லத்தீனோன்னா யாரு மேடம்? அவங்க உடம்புவாகே அப்படித்தான்னு சொல்றாங்களே, அப்புறம் எதுக்கு கவலை? – வாசகர், திருச்சி

மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சால்வடோர், கொலம்பியா மாதிரி இடங்கள்லருந்து அமெரிக்கா வந்தவங்களும் அவங்க வம்சாவளியும்தான் லத்தீனோ. வரவே வராதவங்களும் உண்டு, அதாவது டெக்சாஸும் கலிஃபோர்னியாவும் மெக்சிகோவுக்கு சொந்தமா இருந்த காலத்துலருந்தே அங்க இருக்கற குடும்பங்க, எல்லைக்கோடுதான் அவங்கள தாண்டிப் போச்சு. 2020 சென்சஸ் படி 6 கோடியே 20 லட்சம் பேர். அந்த நாட்டுப் பிள்ளைங்கள்ல நாலுல ஒண்ணு லத்தீனோ பிள்ளை, அதனால இது ஏதோ ஒரு சின்ன கூட்டத்தோட பிரச்சனை இல்ல.

உடம்புவாகு விஷயத்துக்கு வர்றேன். பிள்ளைங்களுக்கு பெரியவங்க மாதிரி ஒரே பிஎம்ஐ (உயரத்தையும் எடையையும் வெச்சுப் போடற கணக்கு) நம்பர் கிடையாது, வயசு, ஆணா பொண்ணா பாத்து ஒரு சார்ட்ல வெச்சுப் பாப்பாங்க, அந்த சார்ட் பெரும்பாலும் 1960, 70கள்ல எடுத்த அளவுகள வெச்சுப் போட்டது, அதுல நூறு பிள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சா கடைசி 5 பேர் மட்டும் தாண்டற மாதிரி ஒரு கோடு கிழிச்சு அதுக்கு மேல போனா உடல் பருமன்னு வெச்சாங்க. அந்த 5 பேர் தாண்ட வேண்டிய கோட்டைத்தான் இப்ப லத்தீனோ பிள்ளைங்கள்ல 26 பேர் தாண்டுறாங்க, வெள்ளைக்கார பிள்ளைங்களே 16, 17 பேர் தாண்டுறாங்க. ரெண்டு தலைமுறைக்குள்ள யாரோட ஜீனும் இப்படி மாறாது சார். ஜீனுக்கு பங்கே இல்லன்னு சொல்லல, கல்லீரல்ல கொழுப்பு சேர வைக்கற ஒரு மரபணு வகை லத்தீனோ மக்கள்ட்ட கொஞ்சம் அதிகமாவே இருக்கு, அதனால அதே சோடாவ குடிச்சாலும் அவங்க பிள்ளைக்கு கேடு கூட. ஆனா சோடா வெளியிலருந்துதான் வருது. (ஆசியப் பிள்ளைங்கள்ல 9 பேர்தான்னு அதே கணக்குல இருக்கு, அதப் பாத்து நம்ம ஆளுங்க சந்தோஷப்பட வேணாம், நமக்கெல்லாம் எடை குறைவா இருக்கும்போதே சர்க்கரை வந்துடும்.)

கேள்வி: கடை, கம்பெனின்னு யாரையாவது குத்தம் சொல்றது ஃபேஷனாப் போச்சு. வீட்டுல ஒழுங்கா சமைச்சுப் போட்டா பிள்ளை ஏன் குண்டாகுது? அம்மாக்களோட சோம்பேறித்தனத்துக்கு கவர்மெண்ட் என்ன பண்ணும்? – வாசகி, கோயம்புத்தூர்

கோவிச்சுக்காதீங்கம்மா, அந்த சோம்பேறித்தனத்த மட்டும் வாபஸ் வாங்கிக்கங்க. ஹோட்டல் ரூம் கிளீனிங், கோழி வெட்டற ஃபேக்டரி, பழத்தோட்டத்துல பறிக்கற வேலைன்னு ஓடிட்டு இருக்கற பொம்பளைங்க அவங்க. சமைக்கவும் செய்றாங்க. பின்டோ பீன்ஸ வேகவெச்சு மசிச்சு, மக்காச்சோள தோர்த்தியா (அவங்க ஊரு சப்பாத்தி) சுட்டு, சப்பாத்திக்கள்ளி மடல முள்ளு சீவி நறுக்கி வதக்கி (நோபாலெஸ்ம்பாங்க, கொழகொழன்னு வெண்டைக்காய் மாதிரியே இருக்கும்), தக்காளி வெங்காயம் பச்சமிளகா கொத்தமல்லி அரிஞ்சு எலுமிச்சை பிழிஞ்சு பக்கத்துல வெச்சா அது எந்த டயட்டீஷியனும் கைதட்டற சாப்பாடு. ஊர்லருந்து புதுசா வந்தவங்களோட சாப்பாடு அமெரிக்காவுலயே பொறந்து வளந்தவங்க சாப்பாட்ட விட நல்லா இருக்குன்னு ஆராய்ச்சிக்காரங்க திரும்ப திரும்ப பாத்துட்டாங்க, அதாவது அந்த நாட்டுல எத்தனை வருஷம் கூடுதோ அத்தனை சோடாவும் சிப்ஸும் கூடுது, அம்மா சமையல் மறந்து போறதால மட்டும் இல்ல, வீட்டுக்கு வெளியில காலெடுத்து வெச்சா கைக்கு எட்டறது எல்லாம் வேற சாப்பாடு.

அந்த கைக்கு எட்டறதத்தான் உணவுச் சூழல்னு சொல்றாங்க. லாஸ் ஏஞ்சலஸ் கிழக்குப் பக்கம் பாயில் ஹைட்ஸ்னு ஒரு ஏரியா, ரொம்ப காலமா மெக்சிகன் குடும்பங்க இருக்கற இடம். ஸ்கூல் விட்டு நடந்து வர்ற பையன் மூலைக்கு மூலை ஒரு சின்ன கடைய தாண்டித்தான் வரணும். உள்ள போனா முதல்ல கண்ணுல படறது கண்ணாடி கதவு போட்ட ஃப்ரிட்ஜ், உள்ள லைட் எரியுது, வெளியில கம்பெனி பேரு. அந்த ஃப்ரிட்ஜ் கடைக்காரர் காசு போட்டு வாங்குனதா இருக்காது, பெரும்பாலும் சோடா கம்பெனியே சும்மா குடுக்கும், ரிப்பேர் ஆனாலும் அவங்களே பாத்துக்குவாங்க, பதிலுக்கு எங்க சரக்குதான் இதுல இருக்கணும், வாசல பாத்து இருக்கணும்னு பேச்சு. சிப்ஸ் கம்பெனி ஆளு வேன்ல வந்து அவரே ரேக்ல அடுக்கிட்டு, தேதி தாண்டுன பாக்கெட்ட அவரே எடுத்துட்டும் போயிடுவாரு, கடைக்காரருக்கு ஒரு பைசா நஷ்டம் இல்ல. தக்காளிக்கு அப்படி யாரு வர்றா? கடைக்காரர் விடியக்காலம் மொத்த மார்க்கெட்டுக்கு தன் வண்டியில போய் பெட்டியா வாங்கணும், அஞ்சு கிலோ மட்டும் குடுன்னா குடுக்க மாட்டான், வித்தது போக அழுகுனது முழுக்க இவர் தலையில. இப்ப சொல்லுங்க, அந்த கடைக்காரர் எத முன்னாடி வெப்பாரு?

பையன் கையில ரெண்டு டாலர். 20 அவுன்ஸ் (கிட்டத்தட்ட 600 மில்லி) கோலா பாட்டில் ஒண்ணுல 65 கிராம் சர்க்கரை, பிள்ளைங்களுக்கு ஒரு நாள் முழுக்க சேத்தே 25 கிராமுக்கு மேல வேணாம்னு அமெரிக்க இதய சங்கம் சொல்லுது. ஒரே பாட்டில்ல ரெண்டரை நாள் கோட்டா முடிஞ்சுது. வீட்டுக்கு வந்து டிவி போட்டா ஸ்பானிஷ் சேனல்ல விளம்பரம், கனெக்டிகட் பல்கலைக்கழகத்துல ரட் சென்டர்னு ஒண்ணு இத வருஷக்கணக்கா கவனிச்சுட்டு வருது, லத்தீனோ குடும்பங்கள குறிவெச்சு உணவு கம்பெனிங்க செலவு பண்ற காசுல பெரும்பகுதி மிட்டாய், சக்கரத் தண்ணி, நொறுக்குத் தீனி, சீரியல் (டிவி சீரியல் இல்ல, காலையில பால்ல போட்டுத் திங்கற தானியம்) இதுக்குத்தான் போகுது, கேரட்டுக்கு எவனும் விளம்பரம் எடுக்கறதில்ல. இத்தனையையும் ஒரு அம்மா தனியா ஒரு குழம்புக் கரண்டிய வெச்சு தடுக்கணும்னா எப்படி?

அட, அவங்க விட்டுட்டு வந்த ஊர்லயே சூழல் மாறிப்போச்சு. 1994ல அமெரிக்காவோட தடையில்லா வியாபார ஒப்பந்தம் வந்தப்புறம் மெக்சிகோவுல பாக்கெட் சாப்பாடும் சோடாவும் குக்கிராமம் வரைக்கும் போய்ச் சேந்துது.

கேள்வி: குழந்தைன்னா கொழுகொழுன்னு இருக்கறதுதானே அழகு? – வாசகி, தஞ்சாவூர்

மெக்சிகன் பாட்டிங்களும் அச்சு அசலா இதையேதான் சொல்றாங்க பாட்டி! பசியிலயும் வயித்துப்போக்குலயும் குழந்தைங்கள பறிகொடுத்த தலைமுறைக்கு தொடையில மடிப்பு விழுந்தாத்தான் தெம்பு. அதனால நல்ல டயட்டீஷியன் யாரும் அந்த வீடுகள்ல உங்க பிள்ளை குண்டுன்னு ஆரம்பிக்க மாட்டாங்க, என்ன குடிக்குதுன்னுதான் கேப்பாங்க. அங்க டின்ல வர்ற டாட்லர் பால்னு ஒண்ணு ஸ்பானிஷ் டிவியில ஜோரா விளம்பரம் ஆகுது, சக்கரை சேத்த பால் பவுடர், விலையும் ஜாஸ்தி. ஒரு வயசு தாண்டுன நல்லா இருக்கற குழந்தைக்கு அது தேவையே இல்லன்னு அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் சொல்லிடுச்சு, சாதா பாலும் வீட்டு சாப்பாடும் போதும். பழ ஜூஸ் கூட ஒரு வயசுக்குள்ள வேணாம், மூணு வயசு வரைக்கும் அரை டம்ளர்தான்.

கேள்வி: அந்த மாதிரி ஏரியாவுல பெரிய சூப்பர்மார்க்கெட் கட்டிட்டு ஃபாஸ்ட் ஃபுட் கடைய தடை பண்ணிட்டா வேலை முடிஞ்சுதுல்ல? – வாசகர், சேலம்

ரெண்டையும் பண்ணிப் பாத்துட்டாங்க சார், ரெண்டும் ஊத்திக்கிச்சு. பிலடெல்ஃபியாவுல ஏழை ஏரியா ஒண்ணுல புது சூப்பர்மார்க்கெட் வந்தப்புறம் அந்த மக்களையும் கடை வராத இன்னொரு ஏரியா மக்களையும் ஒப்பிட்டாங்க, 2014ல ரிசல்ட் வந்துது, பக்கத்துல கடை இருக்குன்னு ஜனங்களுக்கு தெரிஞ்சுது அவ்வளவுதான், காய் பழம் திங்கறதும் மாறல எடையும் மாறல. லாஸ் ஏஞ்சலஸ் தெற்குப் பகுதியில, லத்தீனோவும் கறுப்பினத்தவரும் நிறைய இருக்கற இடம், 2008ல புது ஃபாஸ்ட் ஃபுட் கடைக்கு தடை போட்டாங்க. ஊரே பேசுச்சு. 2015ல ராண்ட்ங்கற ஆராய்ச்சி நிறுவனம் கணக்குப் பாத்தா அங்க பருமன் குறையல, ஏறிட்டே இருந்துச்சு. ஏன்னா தடை தனி கட்டடமா கட்டற கடைக்கு மட்டும்தான், வணிக வளாகத்துக்குள்ள வந்தா ஓகே, ஏற்கனவே இருக்கறது அப்படியே இருக்கலாம், மூலைக்கடைய யாரும் தொடவே இல்ல.

என் கணிப்பு, கட்டடத்த மாத்தறத விட காசையும், கேக்காமலே தட்டுல வந்து விழறதையும் மாத்தினாத்தான் பலன். கீழ வர்ற பதிலெல்லாம் அதையேதான் சொல்லுது, எனக்கு பிடிச்ச கட்சி அதுதான்னு வெச்சுக்கங்களேன்.

கேள்வி: அக்கா, ஹூஸ்டன் பக்கத்துல கேஸ் ஸ்டேஷனோட (பெட்ரோல் பங்க்) கடை நடத்தறேன், சுத்தி முழுக்க மெக்சிகன், ஹோண்டுரஸ் குடும்பங்க. அவங்க பிள்ளைங்க தினமும் காலையில சிப்ஸும் சோடாவும் வாங்கறத பாத்தா எனக்கே கஷ்டமா இருக்கு. வாழைப்பழம் வெச்சுப் பாத்தேன், கருத்துப்போய் குப்பையில கொட்டினேன். நான் கடை நடத்தறதா, தர்மம் பண்றதா? – வாசகர், டெக்சாஸ்

தம்பி, மனசாட்சியோட கேட்ட உங்களுக்கு முதல்ல ஒரு சலாம். நீங்க பட்ட பாட்ட அமெரிக்காவுல பெரிய பெரிய யுனிவர்சிட்டியே பட்டிருக்கு. நியூயார்க்ல பொடேகான்னு சொல்ற மூலைக்கடைங்கள்ல கொழுப்பு குறைச்ச பால், காய், பழம் வைக்க சொல்லி நகர சுகாதாரத்துறை 2005 வாக்குல திட்டம் போட்டு இறங்குச்சு. ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ்லயும் பாயில் ஹைட்ஸ்லயும் மெர்காடோ ஃபிரெஸ்கோன்னு ஒரு ப்ராஜெக்ட், யூசிஎல்ஏ யுனிவர்சிட்டி ஆளுங்க பண்ணினது, சின்ன கடைங்க சிலத எடுத்து பெயிண்ட் அடிச்சு, பழத்த முன்னாடி கொண்டாந்து, கடைக்காரருக்கு எத ஃப்ரிட்ஜ்ல வைக்கணும் எத வெளிய வைக்கணும்னு ட்ரெய்னிங் குடுத்து, அந்த ஏரியா ஹைஸ்கூல் பிள்ளைங்களையே விளம்பரம் பண்ண வெச்சாங்க. கடையப் பத்தி ஜனங்க நெனப்பு நல்லாவே மாறுச்சு, ஆனா வாங்கித் திங்கற காய் பழத்தோட அளவு பெருசா நகரல. அதனால பழம் வெச்சும் விக்கலன்னா அது உங்க தோல்வி இல்ல.

எது நகத்துச்சுன்னா, விக் திட்டம். கர்ப்பிணி, பால் குடுக்கற தாய், 5 வயசுக்குட்பட்ட பிள்ளைங்க இருக்கற ஏழைக் குடும்பத்துக்கு கவர்மெண்ட் குடுக்கற உணவு உதவி அது, 1970கள்லருந்தே இருக்கு. ரொம்ப வருஷம் பால், சீஸ், முட்டை, ஜூஸ், சீரியல்னே ஓடுச்சு. 2009ல மொத்த லிஸ்ட்டையும் மாத்துனாங்க, ஜூஸ பாதியா குறைச்சு, 2 வயசுக்கு மேல கொழுப்பு குறைச்ச பால்னு ஆக்கி, காய் பழத்துக்குன்னே தனியா பணம் குடுத்து, முழு தானியம்னு ரொட்டிய மட்டும் திணிக்காம மக்காச்சோள தோர்த்தியாவையும் சேத்தாங்க, அது லத்தீனோ வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒத்துப்போற அயிட்டம். இதுல கடைக்கு என்னன்னா, விக் எடுக்கற கடைல அந்த லிஸ்ட்ல இருக்கறது குறைஞ்சபட்சமாவது எப்பவும் ஸ்டாக் இருந்தே ஆகணும். கனெக்டிகட்லயும் பிலடெல்ஃபியாவுலயும் மாத்தத்துக்கு முன்னும் பின்னும் கடை கடையா போய் ரேக்க பாத்தாங்க, சின்ன கடைங்கள்ல கூட முழு தானியமும் காய் பழமும் கூடியிருந்துச்சு. யாரும் கடைக்காரருக்கு புத்தி சொல்லல, வாங்கறவங்க கையில அதுக்குன்னே காசு இருந்துச்சு, அவ்வளவுதான். விக்ல இருக்கற 2லருந்து 4 வயசு பிள்ளைங்கள்ல பருமன் 2010ல 15.9 சதவீதம், 2016ல 13.9. அப்புறம் கொஞ்சம் ஏறவும் செஞ்சுது, லிஸ்ட் மாத்துனதால மட்டும் குறைஞ்சுதுன்னு சத்தியம் பண்ண முடியாது, ஆனாலும் நாடு முழுக்க பிள்ளைங்க பருமன் மொத்தத்துல மேல போயிட்டிருந்த காலத்துல இது கீழ வந்துது. காய் பழத்துக்கு ஒரு பிள்ளைக்கு மாசம் 9 டாலர்னு இருந்தது கொரோனா நேரத்துல கூட்டுனாங்க, 2024ல 26 டாலர். அந்த 26 டாலர் உங்க ஏரியாவுலயும் யார் கையிலயோ இருக்கு தம்பி, இப்ப அது வேற கடைக்குப் போகுது.

கேஸ் ஸ்டேஷனுக்கு விக் அனுமதி வாங்கறது லேசு இல்ல, ஸ்டாக் கட்டாயம் இருக்கு. உணவு உதவி கார்டு, அதான் ஸ்னாப், அது நீங்க ஏற்கனவே எடுப்பீங்கன்னு நெனைக்கறேன். அதோட ஒரு சில ஊர்ல காய் பழம் வாங்கினா அதே அளவு காசு திருப்பிக் குடுக்கற திட்டம் இருக்கு, 2009ல டெட்ராய்ட்ல ஆரம்பிச்சது, உங்க ஊர்ல யாராவது நடத்தறாங்களான்னு விசாரிங்க. மத்தபடி வாழைப்பழத்த சீப்பா வைக்காதீங்க, ஒண்ணு ஒண்ணா பிரிச்சு விலை எழுதி கேஷ் கவுன்டர் மேலயே வைங்க, பாதி கருத்தா மறுநாள் பாதி விலை. காய்க்கு ஆசைப்படாதீங்க, உங்க கடைக்கு யாரும் காய் வாங்க வர்றதில்ல, எலுமிச்சை, வெங்காயம், ஹலப்பேன்யோ மிளகா, கொத்தமல்லி இந்த நாலும் மெக்சிகன் சமையல்ல தினமும் தீர்ற சரக்கு, மறந்துட்டு வந்தவங்க உங்ககிட்ட வாங்குவாங்க. பக்கத்துல தாக்கேரியா (தாக்கோ விக்கற மெக்சிகன் கடை) நடத்தறவர் எப்படியும் மொத்த மார்க்கெட் போவாரு, அவர்ட்ட சொல்லி உங்களுக்கும் ஒரு பெட்டி எடுத்துட்டு வரச் சொல்லுங்க. தண்ணி பாட்டில ஃப்ரிட்ஜ்ல கண் மட்டத்துல வைங்க, சோடா கீழ்த் தட்டுக்குப் போகட்டும், ஆனா அதுக்கு முன்னாடி அந்த ஃப்ரிட்ஜ் ஒப்பந்தத்த எடுத்து எந்தத் தட்டுல எது இருக்கணும்னு என்ன கையெழுத்து போட்டிருக்கீங்கன்னு படிச்சுக்கங்க. நஷ்டமே வராதுன்னு சொல்ல மாட்டேன்.

கேள்வி: வாரக்கடைசியில ஒரு இலவச கிளினிக்ல உதவி பண்றேன். விக் இருக்குன்னு சொன்னா பல லத்தீனோ அம்மாங்க கைய எடுத்துக் கும்பிட்டு வேணாம்னுட்டு போயிடறாங்க. பசியோட இருக்கறாங்க, ஏன் வேணாம்ங்கறாங்க? – வாசகி, நியூ ஜெர்சி

பயம்தாங்க. அரசாங்க உதவி வாங்கினா கிரீன் கார்டு கிடைக்காதுன்னு. 2019ல கொண்டுவந்த விதியில ஸ்னாப் மாதிரி உதவி வாங்கினா குடியேற்ற விண்ணப்பத்துல அதக் கணக்குல எடுப்போம்னு சொன்னாங்க, அதுல விக்கும் இல்ல ஸ்கூல் சாப்பாடும் இல்ல, ஆனா தெருவுல அது "எதையும் வாங்காதே"ன்னுதான் போய்ச் சேந்துது, இங்கயே பொறந்து சிட்டிசனா இருக்கற பிள்ளைக்குக் கூட வாங்காம விட்டாங்க. அந்த விதி 2021ல போச்சு, 2022ல தெளிவா வேற விதி எழுதினாங்க, ஆனா ஒரு தடவை பயந்தவங்க விதி புஸ்தகத்த வெச்சு வாழ்க்கைய முடிவு பண்றதில்ல, அதுவும் இப்ப இருக்கற சூழ்நிலையில. விக் ஆபீஸ்ல குடியுரிமைய கேக்கறதில்லங்கறத அவங்க பாஷையிலேயே, அவங்க ஊர்க்காரங்க ஒருத்தர வெச்சு சொல்ல வைங்க. ப்ரோமோதோரான்னு அந்த சமூகத்துப் பொம்பளைங்களே வீடு வீடா போய் ஆரோக்கிய விஷயம் பேசற வழக்கம் அவங்கள்ட்ட ரொம்ப நாளா இருக்கு, நீங்களும் நானும் பத்து நோட்டீஸ் குடுக்கறதுக்கு அவங்க ஒருத்தர் சமையல்கட்டுல உக்காந்து பேசறது சமம். சட்ட சந்தேகத்துக்கு மட்டும் நீங்க பதில் சொல்லாதீங்க, பக்கத்துல இருக்கற இலவச லீகல் கிளினிக்குக்கு அனுப்புங்க, சட்டம் மாறிக்கிட்டே இருக்கு.

கேள்வி: என் பொண்ணு ஸ்கூல்ல பாதிக்கு மேல லத்தீனோ பசங்க. மதியம் எல்லாரும் அங்கயே சாப்பிடறாங்க, பீட்ஸா, சாக்லேட் பால்னு. இது திருந்துமா? – வாசகி, கலிஃபோர்னியா

நீங்க இப்ப பாக்கறது ஏற்கனவே திருந்துன வெர்ஷன்! 2010ல மிஷெல் ஒபாமா முன்ன நின்னு ஒரு சட்டம் வந்துது, 2012லருந்து தினமும் பழமும் காயும் கட்டாயம், தானியம் முழு தானியமா மாறணும், கலோரிக்கு மேல்வரம்பு, சாப்பிடற இடத்துல குடிக்க இலவச தண்ணி. 2014லருந்து ஸ்கூல் வெண்டிங் மெஷின்ல சர்க்கரை போட்ட சோடாவும் கேண்டியும் போச்சு. பசங்க சாப்பாட்ட குப்பையில போட்டு சோஷியல் மீடியாவுல படம் போட்டு கிண்டல் பண்ணாங்க, கட்சிக்காரங்க கத்துனாங்க, சில விதி தளர்ந்து திரும்ப இறுகுச்சு. பீட்ஸா போகல, ஆனா அதோட மாவும் சீஸும் மாறியிருக்கு. சாக்லேட் பாலுக்கு 2025 ஜூலைலருந்து ஒரு கப்புக்கு சேத்த சர்க்கரை 10 கிராம்தான் இருக்கலாம், 2024ல போட்ட விதி, பால் கம்பெனிங்க அதுக்கேத்த மாதிரி கலவைய மாத்திக்கணும். இதுதான் நான் மேல சொன்னது, எட்டு வயசுப் பிள்ளைய நிக்க வெச்சு சர்க்கரை பத்தி க்ளாஸ் எடுக்கறத விட கப்புக்குள்ள இருக்கறத மாத்திடு.

லத்தீனோ பிள்ளைங்க விஷயத்துல எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம் எல் பாசோ. மெக்சிகோ எல்லையிலயே ஒட்டிட்டு இருக்கற டெக்சாஸ் ஊர், ஏழை ஸ்கூல்ங்க, பிள்ளைங்க பெரும்பாலும் மெக்சிகன். கேட்ச்னு ஒரு திட்டத்துல கேன்டீன் சமையல்ல கொழுப்பையும் உப்பையும் குறைச்சு, பிடி பீரியட்ல பசங்கள வரிசையில நிக்க வைக்காம ஓட வெச்சு, க்ளாஸ்லயும் கொஞ்சம் பாடம் நடத்தினாங்க. மூணாங் கிளாஸ்லருந்து அஞ்சாங் கிளாஸ் போறதுக்குள்ள திட்டம் இல்லாத ஸ்கூல்ங்கள்ல எடை கூடுதலா இருக்கற பொண்ணுங்க சதவீதம் 13 புள்ளி ஏறுச்சு, பையன்ங்க 9 புள்ளி. கேட்ச் ஸ்கூல்ல பொண்ணுங்க 2, பையன்ங்க 1. 2005ல வெளிவந்த ரிசல்ட் இது. கவனிங்க, சதவீதம் குறையல, ஏறவேண்டியது பெருசா ஏறாம நின்னுச்சு, வளர்ற வயசுல அதுவே நல்ல பலன்.

உங்க மாநிலத்துக்கு இன்னொரு பெருமை, 2022லருந்து கவர்மெண்ட் ஸ்கூல்ல எல்லா பிள்ளைக்கும் காலையும் மதியமும் சாப்பாடு ஃப்ரீ, வருமானம் கேக்கறதில்ல. முன்னாடி ஃபார்ம் நிரப்பணும், முந்தின கேள்வியில சொன்ன அதே பயத்துல லத்தீனோ அப்பா அம்மா ஃபார்ம்லயே கை வைக்க மாட்டாங்க, பிள்ளை பசியோட இருந்துட்டு சாயந்தரம் மூலைக்கடையில நிக்கும். நம்மூர் சத்துணவுல தட்ட நீட்டற பிள்ளைட்ட யாரும் வருமானச் சான்றிதழ் கேக்கறதில்லையே, அதேதான். பொண்ணு ஸ்கூல்ல நீங்க ஏதாவது கேக்கணும்னா தண்ணி கேளுங்க. நியூயார்க் ஸ்கூல்ங்கள்ல டைனிங் ஹால்ல ஜில்லுன்னு தண்ணி வர்ற மெஷின் வெச்சாங்க, பாட்டில் வேணாம் கப்பு வெச்சா போதும், அந்த ஸ்கூல் பிள்ளைங்க எடை சின்ன அளவுதான் ஆனா அளந்து பாக்கற அளவுக்கு குறைஞ்சுது. மூலையில சூயிங்கம் ஒட்டிக் கிடக்கற பழைய குழாய்ல எந்தப் பிள்ளையும் வாய் வைக்காது.

கேள்வி: சோடாவுக்கு வரி போட்டா ஏழைங்க தலையிலதானே விழும்? குடிக்கறவன் குடிச்சுட்டுதான் இருப்பான். – வாசகர், சென்னை

ரெண்டாவது வரி தப்பு சார். கலிஃபோர்னியாவுல பெர்க்லின்னு ஒரு ஊர், 2014 நவம்பர்ல ஓட்டெடுப்பு நடத்தி அமெரிக்காவுலயே முதல் தடவையா அவுன்ஸுக்கு ஒரு சென்ட் வரி போட்டாங்க, மறு வருஷம் மார்ச்லருந்து வசூல். சில மாசத்துலயே ஏழைங்க இருக்கற பகுதிகள்ல சக்கரத் தண்ணி குடிக்கறது அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சுது, பக்கத்து ஊருங்கள்ல குறையல. அதுக்கு முன்னாடியே மெக்சிகோ 2014 ஜனவரியில லிட்டருக்கு ஒரு பெசோ போட்டுச்சு, முதல் வருஷம் சராசரியா 6 சதவீதம் வாங்கறது குறைஞ்சுது, டிசம்பர்ல 12, ஏழை வீடுகள்ல குறைவு இன்னும் கூட, தண்ணி பாட்டில் விற்பனை ஏறுச்சு.

உங்க முதல் வரி நியாயமான கேள்வி. ஏழை ஒருத்தன் குடிக்கறத நிறுத்தலன்னா அவன் கையிலருந்துதான் போகுது, மறுக்கல. அதனால அந்தக் காசு எங்க போகுதுங்கறதுதான் விஷயம். பிலடெல்ஃபியா 2017லருந்து வசூல் பண்றத சின்னப் பிள்ளைங்க ப்ரீ ஸ்கூலுக்கும் பூங்காவுக்கும் செலவு பண்ணுது, பெர்க்லி ஸ்கூல் தோட்டம், சமையல் வகுப்புக்கு குடுத்துச்சு, அப்படி அதே ஏரியாவுக்கு திரும்பி வந்தா நான் ஆதரிப்பேன், பொது கஜானாவுல கரைஞ்சு போனா ஆதரிக்க மாட்டேன். ஏழைங்க மேல கம்பெனிக்கு திடீர்னு வந்த பாசத்த மட்டும் நம்பாதீங்க. சிகாகோ இருக்கற குக் கவுண்டியில 2017ல வரி வந்து சில மாசத்துலயே விரட்டிட்டாங்க. கலிஃபோர்னியாவுல 2018ல இன்னும் சாமர்த்தியம், உள்ளூர் வரி எதுவா இருந்தாலும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும்னு ஒரு ஓட்டெடுப்புக்கு பான கம்பெனிங்க காசு கொட்டுனாங்க, அது ஜெயிச்சா ஊர் நிர்வாகமே முடங்கும்னு பயந்து மாநில அரசு சமரசத்துக்கு வந்துது, ஓட்டெடுப்ப வாபஸ் வாங்கு, பதிலுக்கு 2030 முடியற வரைக்கும் புது சோடா வரி எந்த ஊரும் போடக்கூடாதுன்னு அந்த வருஷம் சட்டம் போட்டாங்க. மெக்சிகோ வரியோட நிக்கல, 2020லருந்து சர்க்கரை, உப்பு, கொழுப்பு ஜாஸ்தி இருந்தா பாக்கெட் முன்னாடி எட்டுமூலை கறுப்பு முத்திரை, அந்த முத்திரை இருந்தா கார்ட்டூன் பொம்மை போடக்கூடாது. சிலி 2016லயே பண்ணிடுச்சு. அதே சீரியல் டப்பா அமெரிக்காவுல பொம்மையோட சிரிச்சுட்டு நிக்குது.

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸ்ல தெருவோரம் வானவில் குடை போட்டு பழம் வெட்டித் தர்ற வண்டிங்க இருக்கே, அத வாங்கி பிள்ளைங்களுக்கு குடுக்கலாமா? – வாசகி, கலிஃபோர்னியா

தாராளமா. மாம்பழம், தர்பூசணி, வெள்ளரி, ஹிக்காமா கிழங்கு வெட்டி எலுமிச்சை பிழிஞ்சு மிளகாப் பொடி தூவித் தருவாங்க, மெரினா மாங்கா பத்தை ருசியேதான். இந்த ஃப்ரூதேரோக்கள ரொம்ப வருஷம் போலீஸ் விரட்டி வண்டிய பிடுங்கி பழத்த குப்பையில கொட்டுச்சு, ஒரு பக்கம் லத்தீனோ ஏரியாவுல பழம் கிடைக்கலன்னு கருத்தரங்கு நடத்திக்கிட்டே. 2018ல கலிஃபோர்னியா நடைபாதை வியாபாரத்த கிரிமினல் குத்தத்துலருந்து எடுத்துச்சு, 2022ல வண்டிக்கான சுகாதார விதியையும் கொஞ்சம் லேசாக்குனாங்க. நியூயார்க் 2008லயே காய் பழம் கிடைக்காத ஏரியாவுக்குன்னு ஆயிரம் தள்ளுவண்டி பெர்மிட் வரைக்கும் ஒதுக்கி கிரீன் கார்ட்னு (பச்சை வண்டின்னு அர்த்தம், குடியேற்ற கார்டு இல்ல) பேரு வெச்சுது. பர்மிட் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கா, பழம் ஐஸ் மேல இருக்கான்னு பாத்துக்கங்க. சிவப்பா கெட்டியா சமோய்னு ஒரு சாஸ் ஊத்தட்டுமான்னு கேப்பாங்க, அதுல சர்க்கரையும் உப்பும் ஜாஸ்தி, சின்னப் பிள்ளைக்குன்னா வேணாம்னு சொல்லிடுங்க, எலுமிச்சை மட்டும் ரெண்டு துண்டு கூடப் பிழியச் சொல்லுங்க.